சுமித்ரா விட்டுப் படித்த சொல்

ராசாமணி டீச்சருக்குக் கோபம் வந்தால் மேசை மேல் இருப்பதெல்லாம் இடம் மாறும். டஸ்டர் ஒரு மூலைக்குப் போகும், சாக்பீஸ் டப்பா இன்னொரு மூலைக்குப் போகும். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன சங்கதி. குரல் ஏறுகிறது என்று தெரிந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவள் கை இதுவரை யார் மேலும் விழுந்ததில்லை.

அவள் கோபத்துக்குக் காரணம் கிடைக்காமல் போனதே கிடையாது. அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் காலை பஸ் நிற்காமல் போனால் கோபம். காரவள்ளி தாண்டி வளைவு ஏறும்போது பின்சீட்டுக்காரன் போனில் பாட்டை அலறவிட்டால் கோபம். மலைக்கு மேலே வந்து சேர்ந்தால், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை வருஷா வருஷம் பாஸ் போட்டு மேலே தள்ளிவிட்டவர்கள் மேல் கோபம். மற்ற கோபமெல்லாம் சாயங்காலம் பஸ் இறங்கும்போது ஆறிவிடும். இது மட்டும் அவளோடு வீடு வரைக்கும் வரும்.

சுமித்ராவும் அப்படித் தள்ளிவிடப்பட்டு வந்த பிள்ளைதான். அப்பாசாமியின் மகள். கொல்லிமலையில் மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். ஆறாம் வகுப்பில் அந்தப் பெண் முதல் நாள் எழுந்து பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தபோது ராசாமணி அசந்துதான் போனாள். பிறகு புத்தகத்திலிருந்த படத்தின் மேல் கையை வைத்து மறைத்து, "இப்ப வாசி கண்ணு" என்றாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. படத்தைப் பார்த்துத்தான் இது எந்தப் பாடம் என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். எழுத்து ஒன்றும் தெரியாது.

ராசாமணி புத்தகத்தை மூடி அலமாரியில் போட்டுவிட்டாள். "நேத்து உங்க ஊட்ல என்ன நடந்துச்சு, சொல்லு."

"எங்க பன்னி கெழங்குக் காட்டுல பூந்திருச்சுங்க."

அதை அப்படியே பெரிய சார்ட்டில் எழுதி ஒட்டினாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பிள்ளை தன் வாயிலிருந்து வந்ததைத் தானே படித்தாள், தெரியாமல் எங்கே போகும். மறுநாள் அந்த வாக்கியத்தைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொன்னாள். அதற்கு மறுநாள் 'காட்டுல' என்பதை எழுத்து எழுத்தாக வெட்டிப் போட்டாள். 'பாட்டுல', 'வீட்டுல', 'ரோட்டுல' என்று ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தது. வகுப்புச் சுவர் முழுக்கப் பிள்ளைகள் சொன்ன வாக்கியங்கள் ஏறின. தலைமையாசிரியர் தனபால் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னங்க டீச்சர், பன்னின்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. ஆபீசர் யாராச்சும் பார்த்தா என்ன நெனைப்பாங்க?"

"பன்னியப் பன்றியாக்க அடுத்த வருஷம் இருக்குங்க சார். மொதல்ல அது எழுந்து நடக்கட்டும்."

எட்டாம் வகுப்புக்கு வந்தபோது சுமித்ரா நடக்கவில்லை, ஓடினாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகளைச் சுற்றி உட்கார வைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக் கதை வாசித்துக் காட்டுவாள். குட்டி ஒன்று தப்பாக வாசித்தால் உடனே திருத்த மாட்டாள், வரி முடியும்வரை பொறுத்திருப்பாள். தப்பு என்று அதற்கே தோன்றித் திரும்பி வரும். அது ராசாமணி வகுத்த சட்டம். அந்தச் சட்டத்தைத் தன்னைவிட ஒழுங்காக அந்தப் பெண் காப்பாற்றுவதைப் பார்க்கும்போது டீச்சருக்குப் பெருமையாக இருக்கும். அதையும் கோபமாகத்தான் காட்டுவாள். "சத்தமா வாசிடி, பின்னால கேக்கல" என்பாள்.

இப்படியிருக்கும்போதுதான் தரணிதரன் வாசிப்பு அட்டையோடு வந்து சேர்ந்தார். வட்டாரத்திலிருந்து வரும் ஆசிரியர் பயிற்றுநர், இளவயது, கசங்காத சட்டை. மார்ச் மாதம் பெற்றோரைக் கூட்டி வாசிப்பு நாள் நடத்த வேண்டும், அதற்கு முன்னால் ஒரு சோதனை என்றார். பிள்ளை அட்டையைப் பார்த்து வாசிக்கும். அவர் போனில் நேரம் ஓடும். வாசிக்காமல் விட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் போனில் ஒரு தட்டு. முடிந்ததும் நிமிஷத்துக்கு இத்தனை சொல், இந்த வகுப்புத் தரம் என்று வந்துவிடும்.

"வாசிக்கிறது என்ன ஓட்டப் பந்தயங்களா சார்?" என்று ராசாமணி கேட்டாள்.

"மேலேருந்து சொல்றது மேடம். நான் என்ன பண்ணட்டும்."

சுமித்ராவைத்தான் முதலில் எழுப்பினாள். ஒரு பெருமைதான். அட்டையில் 'முரளியும் மழையும்' என்று ஒரு சின்னக் கதை. அதை வாங்கிப் பார்த்ததும் சுமித்ராவின் முகம் ஒரு மாதிரியாகப் போனது. பிறகு வாசித்தாள்.

"காலையில் எழுந்தான். வானம் கறுத்திருந்தது. வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டான். அம்மா, மழை வருது என்றான்."

யார் எழுந்தான், யார் கூப்பிட்டான்? ஒவ்வொரு வரியிலும் முரளி என்ற பெயர் வரும் இடத்தில் நின்றாள், எச்சில் விழுங்கினாள், வழியில் கிடக்கும் சேற்றைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போனாள். தரணிதரனின் விரல் போனைத் தட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் போனைத் திருப்பிக் காட்டினார். இரண்டாம் வகுப்புத் தரம்.

"பெயர்ச்சொல் வரலைங்க மேடம். பெயர் வாசிக்கறதுக்கு மட்டும் தனியாப் பயிற்சி குடுத்திருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

ராசாமணிக்கு நெஞ்சு எரிந்தது. எத்தனை வருஷ உழைப்பு, ரெண்டாம் வகுப்பாம். அந்த மனுஷன் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் மறைந்ததும் சுமித்ராவைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"வாசி."

சுமித்ரா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"மு. சொல்லு. ர. ளி. இது தெரியாதா உனக்கு? ஒன்னாங்கிளாஸ் குட்டிக்கு நீ சொல்லிக் குடுக்கிறே, உனக்கு இது வரலியா? என்னை அந்த ஆளு முன்னாடி கேவலப்படுத்தணும்னே விட்டியா?"

முன்வரிசையில் பாட்டில்கள் மடிக்கு ஏறின. பின்னால் சில பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ராசாமணியை இன்னும் கிளப்பிவிட்டது. டஸ்டரை மேசையில் ஓங்கி அடித்தாள். சுண்ணாம்புத்தூள் எழும்பி எல்லார் முகத்திலும் படிந்தது. தப்பு வந்தால் பொறுக்க வேண்டும், வரி முடியும்வரை விட வேண்டும் என்ற அவளுடைய சொந்தச் சட்டம் அந்த நேரம் எங்கே போனதோ தெரியவில்லை. மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள். சுமித்ரா அழுதாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

சமையற்கட்டிலிருந்து பாப்பாத்தி கரண்டியோடு ஓடி வந்தாள். சத்துணவு சமைக்கிறவள், அதே ஊர்க்காரி.

"ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க. கொஞ்சம் இப்படி வாங்க."

அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவளுக்குத் தை மாசம் கலியாண உறுதி வாங்கிட்டாங்க. மாப்பிள்ளை பேரு அதுதானுங்க. ருக்குமணி மவன். போர் போடற லாரியில வடக்க போறவன். வெத்தலை மாத்துன பொறவு பொண்ணு அந்தப் பேர வாயில எடுக்கக் கூடாது. எங்க ஊர் வழக்கம். நாலு பேரு கேக்கச் சொல்லிப்போட்டா வெத்தலையத் திருப்பி வீசுன மாதிரி ஆயிரும்."

ராசாமணி வகுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்கு இன்னும் பதினாலு முடியவில்லை. சடையை ஒழுங்காகப் பின்னிக்கொள்ளத் தெரியாது.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உங்களத் தவிர எல்லாத்துக்கும் தெரியுமுங்க."

ஒன்றாம் வகுப்புக் குட்டிக்குக்கூடத் தெரியும். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து விரல் பிடித்து எழுத வைத்தவளுக்குத் தெரியாது. வகுப்புக்குத் திரும்பிப் போய்ப் பலகையில் இருந்த பெயரைக் கையாலேயே அழித்தாள். அன்று முழுக்க யார் மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள்.

தனபாலுக்கும் தெரிந்திருந்தது. "விடுங்க டீச்சர்" என்றார் அவர். "நாம போய்க் கேட்டா நாளைக்கு அந்த ஊர்லேர்ந்து ஒரு புள்ள பள்ளிக்கூடத்துக்கு வராது. இருக்கிற எண்ணிக்கையே கம்மி."

"எண்ணிக்கைக்காக ஒரு புள்ளையக் குடுத்திரலாம்ங்கறீங்களா சார்?"

"நான் அப்படிச் சொல்லலீங்க."

"வேற எப்படிச் சொல்றீங்க?"

அவருக்கு முன்னாலேயே குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் போட்டாள். அந்த அலுவலர்கள் சொன்னபடி பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அப்பாசாமியையும் அவன் மனைவி அம்சவேணியையும் உட்கார வைத்து விசாரித்தார்கள். அப்பாசாமி அடக்கமாகத்தான் பதில் சொன்னான்.

"கலியாணம் பதினெட்டு முடிஞ்சுதானுங்க. அதெல்லாம் எங்களுக்கும் தெரியும். இப்ப வெறும் பேச்சுதான்."

அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு, கண்காணிப்பில் இருக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். வேறு என்ன செய்ய முடியும் அவர்களால்? தாலி கட்டினால் தடுக்கலாம். வெற்றிலை மாற்றியதை எந்தச் சட்டம் வந்து தடுக்கும்?

அவர்கள் போன பிறகு ராசாமணி கேட்டாள். "சரிங்க, பதினெட்டு வரைக்கும் இருக்குதில்ல. ஒம்பதாவதுக்கு ஹாஸ்டல் இருக்கிற பள்ளிக்கூடத்துல சேத்துறலாங்களா?"

அப்பாசாமியின் முகம் இறுகியது. "மாப்பிள்ளை ஊட்ல வேண்டாங்கறாங்க. வயசுப் புள்ள வெளியில தங்கிப் படிக்கறது அவங்களுக்குப் புடிக்கல. எட்டாவது முடிஞ்சதும் டீசி குடுத்திருங்க டீச்சர்."

"அவங்களுக்குப் புடிக்கலேன்னா? பெத்தது நீங்களா அவங்களா?"

"வெத்தலை வாங்கியாச்சுங்க. நாங்க முறிச்சா ஊர்ல எங்களை எந்த நல்லது கெட்டதுக்கும் சேக்க மாட்டாங்க. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்குது. நீங்க சாயங்காலம் பஸ் ஏறிப் போயிருவீங்க. நாங்க இங்கயே கெடக்கறவங்க."

பதில் இல்லாத கோபம்தான் இருப்பதிலேயே மோசமானது, எங்கேயும் போட்டு உடைக்க முடியாது. அம்சவேணி மட்டும் போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"நானா சொல்றேன் டீச்சர், நிறுத்துன்னு. அவங்க சொல்றாங்க. என்ற வாய அடைச்சு ரொம்ப நாளாச்சுங்க."

மறுநாள் ராசாமணி சுமித்ராவைத் தனியாகக் கூப்பிட்டாள். "நான் அன்னைக்கு உன்னைப் படுத்துனது தப்பு" என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். ஆனால் அந்த மாதிரி வார்த்தை அவள் வாயில் எப்போதும் வந்ததில்லை. கட்டின புருஷன் கந்தப்பனிடமே வந்ததில்லை. கோபத்தில் புருஷன் பேரைத் தெருவுக்குக் கேட்கச் சொல்லிக் கத்துவாள், மாமியார் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். மன்னிப்பு மட்டும் வராது. அதனால் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"உனக்கு என்னதான் வேணும், சொல்லு சாமி."

"ஒம்பதாவது படிக்கணுமுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. கடையில் போய் உப்பு வேண்டும் என்று கேட்பதுபோல் கேட்டாள். அதைக் கொடுக்கத் தன்னிடம் வழியில்லையே என்றுதான் ராசாமணிக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வளைவு வளைவாகக் கீழே இறங்குகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, ருக்குமணியை, அப்பாசாமியை, வெற்றிலையைக் கண்டுபிடித்தவனை, எல்லாரையும் மனசுக்குள் வைதுகொண்டே வந்தாள். கண்டக்டர் சில்லறை கேட்டபோது அவனும் சேர்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வாசிப்பு நாள் வந்தது. தரணிதரன் முதல் நாளே போனில் சொல்லிவிட்டார், அதே அட்டைகள்தான், எட்டாம் வகுப்புக்கு முரளியும் மழையும். மாற்றக் கூடாதா என்று ராசாமணி கேட்டாள். மேலிருந்து வந்தது, ஆனால் கூடுதலாக ஒன்று வாசிக்கலாம் என்றார். உடனே அவள் ராத்திரி உட்கார்ந்து தானே ஒரு அட்டை எழுதினாள். மலைத்தேன் எடுப்பது பற்றி. ஆள் பெயரே கிடையாது. கொட்டை எழுத்தில், அழகாக. காலையில் அதைச் சுமித்ராவிடம் கொடுத்தாள்.

"இதை வாசிச்சிட்டு எறங்கு. அந்த இன்னொன்னு உனக்கு வேண்டாம். யார் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்."

"சரிங்க டீச்சர்" என்று சுமித்ரா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பள்ளி முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மைக்செட் வந்திருந்தது. ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் ஊர்ப் பெரியதனக்காரர் காளியண்ணன். அவருக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் ருக்குமணி. அவளுடைய மகள்வழிப் பேரன் இரண்டாம் வகுப்பில் படிக்கிறான், அவன் வாசிப்பதைப் பார்க்க வந்திருந்தாள். மகன் முரளி வரவில்லை, லாரியோடு வடக்கே எங்கோ இருந்தான். அப்பாசாமியும் அம்சவேணியும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சின்னப் பிள்ளைகள் வாசித்தார்கள். ருக்குமணியின் பேரன் தடுக்கித் தடுக்கி முடித்தான், எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு சுமித்ராவைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினாள். கையில் டீச்சர் எழுதிய அட்டை மேலே தெரிந்தது. மைக்குக்கு முன்னால் நின்றதும் அதை எடுத்து அடியில் வைத்துக்கொண்டாள். அடியிலிருந்த இன்னொரு அட்டை, எட்டாம் வகுப்புக்கெல்லாம் கொடுத்த அட்டை, மேலே வந்தது.

"முரளியும் மழையும்" என்றாள்.

குரல் மைக்கில் ஏறிப் பந்தலைத் தாண்டி மிளகுக் கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரங்கள் வரைக்கும் போனது.

"முரளி காலையில் எழுந்தான். வானம் கறுத்திருந்தது. முரளி வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டான்."

ஒரு சொல்லும் விடவில்லை. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே மூச்சு எடுக்க வேண்டுமோ அங்கே எடுத்து, ராசாமணி சொல்லிக் கொடுத்தபடி வாசித்தாள். பேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. தரணிதரன் மட்டும் போனைப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மழை வருது என்றான் முரளி."

ருக்குமணி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. காளியண்ணன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அப்பாசாமி கூட்டத்தைத் தாண்டி, உட்கார்ந்திருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு மேடைக்கு வந்தான். அவன் கை ஓங்கியிருந்தது.

"என்ன புள்ள பண்றே. யாரு உன்னை இதைப் படிக்கச் சொன்னது?"

சுமித்ரா அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மைக் இன்னும் அவள் வாய்க்கு முன்னால்தான் இருந்தது.

"டீச்சர்தானுங்க. இதைப் படிக்காட்டி பெயிலாக்கிருவேன்னாங்க."

ராசாமணிக்கு உச்சி மண்டையில் சுர்ரென்று ஏறியது. அடிப் பாவி. ராத்திரி கண் முழித்து எழுதின அட்டை அதோ அவள் கையிலேயே, அடியில் இருக்கிறது. காலையில்தான் வேண்டாம் என்று சொன்னாள். தன் வாழ்நாளில் ஒரு பிள்ளையைப் பெயிலாக்குவேன் என்று மிரட்டியதில்லை. இந்தக் குட்டி, ஊர் முன்னால், மைக்கில், கூசாமல் பொய் சொல்கிறாள். நாலே எட்டில் மேடைக்குப் போனாள். அந்த அட்டையைப் பிடுங்கி எல்லாருக்கும் தூக்கிக் காட்டிவிட வேண்டும் என்றுதான் போனாள்.

பக்கத்தில் போனதும் சுமித்ரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாம் வகுப்புக் குட்டி தப்பாக வாசிக்கும்போது, வரி முடியட்டும் என்று பொறுத்திருந்து பார்ப்பாளே, அந்தப் பார்வைதான். டீச்சருக்குப் புரிந்துவிடும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

அப்பன் முறித்தால் அப்பனை ஊர் தள்ளி வைக்கும். பெண்ணே முறித்தால் பெண்ணை அடித்தே கொல்லும். சாயங்காலம் பஸ் ஏறிப் போகிறவள் ஒருத்திதான் இந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு போக முடியும். இது ராசாமணிக்கு அந்த இடத்தில் புரிந்தது. புரிந்ததும் கோபம் தணியவில்லை, இரட்டிப்பாயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா இவள்?

"ஆமாங்க" என்றாள். "நான்தான் படிக்கச் சொன்னேன்."

அப்பாசாமியின் ஓங்கிய கை காற்றிலேயே நின்றது.

"எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று காளியண்ணன் கேட்டார்.

சமையற்கட்டு வாசலில் பாப்பாத்தி நின்றுகொண்டிருந்தாள். அந்த வழக்கத்தை டீச்சருக்குச் சொன்ன ஒரே ஆள் அவள். அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, சோறு குழைகிறது என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"தெரியாதுங்க" என்றாள் ராசாமணி.

அதன் பிறகு ஊர் வாய் திறந்தது. இத்தனை வருஷம் மலைக்கு வந்து என்னத்தைத் தெரிந்துகொண்டீர்கள் என்றார்கள். சம்பளம் வாங்கத்தான் வருகிறீர்கள் என்றார்கள். கீழ்நாட்டுக்காரிக்கு மலைக்காரன் மானம் பெரிசாகத் தெரியுமா என்று ஒரு குரல் கேட்டது. ராசாமணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். தொண்டை வரைக்கும் வந்த பதிலை ஒவ்வொன்றாக விழுங்கினாள். அவளை அறிந்த பிள்ளைகள் முன்வரிசையில் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ருக்குமணி முன்னால் வந்தாள். "தூர தேசத்துல லாரியில போறவனுங்க எம்மவன். கட்டிக்கப் போறவ அவன் பேர மைக்குல கூவுனா அவன் ஆயுசு என்னாகறது. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். எல்லாரும் கேட்டுக்கங்க, வெத்தலைய நாங்க திருப்பிட்டம். ஆனா இந்தம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இங்கயே, எல்லாரும் பாக்க."

பிள்ளையைப் பெற்றவளின் பயம் அது, நிஜமான பயம். அதுவும் ராசாமணிக்குத் தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் எரிந்தது. அவள் ருக்குமணிக்கு முன்னால் போய் நின்றாள். கையைக் கூப்பினாள். கட்டின புருஷனிடம்கூட வராத வார்த்தை அது. தரணிதரன்கூடப் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார்.

"மன்னிச்சிருங்க. தப்பு என்னுதுதான்."

ருக்குமணி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பேரனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காளியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். அவரைப் பொறுத்தவரை விவகாரம் முடிந்தது, தப்பு வெளியாள் தப்பு, ஊருக்குள் யார் மேலும் இல்லை.

அப்பாசாமி மேடைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். "ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துப்போட்டீங்களே டீச்சர். இனி இவள யாரு கேட்டு வருவாங்க?"

"கெடுத்தவ நான்தானே? நானே பாத்துக்கறேன். ஒம்பதாவதுக்கு நானே கூட்டிட்டுப் போயி ஹாஸ்டல்ல சேத்துவிடறேன். நாலு எழுத்துப் படிச்சு அவ பாட்டைப் பாத்துக்கட்டும்."

அவன் என்ன சொல்வானோ என்று இருக்கும்போதே அம்சவேணி எழுந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "ஆமா, அவங்களே பாத்துக்கட்டும். கெடுத்தவங்களே கூட்டிட்டுப் போவட்டும். ஊட்ல வெச்சு நான் என்ன பண்றது இவள?" ஊர் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாலு பெண்கள் வந்து, அதுதான் சரி, விடு அப்பாசாமி என்றார்கள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, என்னமோ செய்யுங்க என்று கையை விரித்தான்.

ராசாமணி மேடை பக்கம் திரும்பினாள். சுமித்ரா இன்னும் மைக்குக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். தரணிதரன் மெல்ல வந்து, "நிறுத்திரலாங்களா மேடம், அடுத்த புள்ளையக் கூப்பிடலாமா?" என்று கேட்டார்.

"எதுக்கு நிறுத்தணும்? நிறுத்தச் சொல்லி மேலேருந்து வந்துச்சா?" என்று அவர் மேல் பாய்ந்தாள். அத்தனை நேரம் விழுங்கியது மொத்தமும் குரலில் இருந்தது. பிறகு சுமித்ராவைப் பார்த்து, "என்னடி வேடிக்கை பாத்துட்டு நிக்கிறே. இன்னும் பாதி இருக்குது. முடிச்சிட்டு எறங்கு" என்றாள்.

சுமித்ரா முகத்தைப் பாவாடைத் துணியால் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். விட்ட இடத்தைத் தேடவில்லை. முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.